இலையா, தட்டா?

சாணக்யபுரி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தூதரகங்களின் உயர்ந்த மதில்களும், அகன்று விரிந்த சாந்தி பத்தும், நம் தமிழ்நாடு இல்லமும்தான். இங்குள்ள சாலைகளின் பெயர்களைப் பாருங்கள்: சத்ய மார்க், நியாய மார்க், நீதி மார்க், வினய் மார்க். சாணக்கியர் பேட்டைக்குப் பெயர் கொடுத்தது போதாதென்று கௌடில்ய மார்க்கிலும் குடியிருக்கிறார். சிக்கனத்துக்கும் கண்டிப்புக்கும் பெயர் போன அந்த மனிதர், சாலையில் குப்பை கொட்டுபவனுக்கு ஒரு பணத்தில் எட்டில் ஒரு பங்கு அபராதம் என்று அர்த்தசாஸ்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பெயரால் அமைந்த இந்தப் பேட்டையில், சத்ய மார்க்கை ஒட்டிய அரசுக் குடியிருப்பில் சில ஆண்டுகள் வசித்தோம். எதைக் கழுவி வைத்துக்கொள்ளலாம், எதை உடனே தூக்கி எறிய வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த வீட்டில்தான். கற்பித்தவர் என் மாமனார். அவருடைய பழுதடைந்த சிறுநீரகங்கள்தாம் பாடப் புத்தகம்.

மாமா தஞ்சாவூர்ப் பக்கத்தில் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த கடிதத்தின் உறையைப் பதமாகப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டி, மறுபடி பயன்படுத்துகிற ரகம். இருபது வருடமாகச் சர்க்கரை நோய். 2016 ஆம் ஆண்டின் கடைசியில் கால்கள் வீங்கின, சோறு பிடிக்கவில்லை, படியேறினால் மூச்சு வாங்கியது. இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன, இனி வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பொங்கல் முடிந்த கையோடு மாமாவும் அத்தையும் எங்களிடம் தில்லிக்கு வந்து சேர்ந்தார்கள்.

தென் தில்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. முதல் நாள் கையெழுத்துக்காக நீட்டிய காகிதங்களில் ஒன்றைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. டயாலிசிஸ் இயந்திரத்தில் மாட்டும் வடிகட்டியை, அதாவது டயாலைசரை, சுத்தம் செய்து அதே நோயாளிக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தச் சம்மதம் என்று அதில் இருந்தது. அந்த வடிகட்டியின் உறையிலோ, ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கு உரியது என்பதற்கான அடையாளம், 2 என்ற எண்ணின் மேல் குறுக்குக் கோடு போட்ட சின்னம், அச்சடிக்கப்பட்டிருந்தது.

அத்தைக்கு நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஒருதரம் ரத்தம் ஓடினதை மறுபடியும் உடம்புல மாட்டுவாங்களா? எச்சில் இல்லையா அது?"

அங்கிருந்த சிஸ்டர் கேரளத்துக்காரர். வேலூரில் படித்தவராம், தமிழ் நன்றாகவே பேசினார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அம்மா, வீட்டில் ஐயாவுக்கென்று தனித் தட்டு இருக்கா?"

"இருக்கு."

"தினம் கழுவி அதில்தானே சோறு போடறீங்க? இதுவும் ஐயாவோட தட்டுதான். வேற யாருக்கும் இதில் பரிமாற மாட்டோம். ஊசி மட்டும் வாழையிலை மாதிரி. ஒரு பந்தி முடிஞ்சா எடுத்து எறிஞ்சிடணும்."

இலையா, தட்டா? அந்த ஒரு கேள்விக்குள் ஒரு பெரிய மருத்துவப் பிரச்சினையே அடங்கியிருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது.

வடிகட்டிக்குள் என்ன இருக்கிறது?

டயாலைசர் என்பது நம் முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழல். அதற்குள் தலைமயிரைப் போன்ற மெல்லிய இழைகள் சுமார் பத்தாயிரம் இருக்கின்றன. ஒவ்வொரு இழையும் உள்ளே துளை உள்ள நுண்குழாய். துளையின் அகலம் ஒரு மில்லி மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இழைகளுக்குள்ளே இரத்தம் ஓடும். வெளியே எதிர்த் திசையில் உப்புகள் கலந்த சுத்தமான நீர் ஓடும். இழையின் சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக யூரியா போன்ற கழிவுகள் நீருக்குள் இறங்கிவிடும். இரத்த அணுக்கள் உள்ளேயே நிற்கும். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் நீர் இப்படி ஓடுகிறது.

இந்தக் கருவியை உருவாக்கிய வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டரின் கதையும் சிக்கனத்தின் கதைதான். 1943 இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், காம்பென் என்ற சிற்றூரில், இறைச்சிப் பண்டங்களுக்கு உறையாகப் பயன்பட்ட செலோஃபேன் குழாயை ஒரு மர உருளையின் மேல் சுற்றி முதல் சிறுநீரக இயந்திரத்தை அவர் செய்தார். முதலில் வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. 1945 இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தெழுந்தார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் கையில் கிடைத்ததை வைத்துத் தொடங்கிய வைத்தியம் இது.

இன்றைய வடிகட்டி தொழிற்சாலையில் செய்து, கிருமி நீக்கி, உறையிட்டு வருவது. ஒருமுறை டயாலிசிஸ் செய்தால் வடிகட்டி, குழாய்கள், ஊசிகள், கையுறைகள், பஞ்சு எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டரைக் கிலோ கழிவு சேர்கிறது என்று மேலை நாடுகளில் கணக்கிட்டிருக்கிறார்கள். மாமாவுக்கு வாரம் இருமுறை என்றால் வருடத்துக்கு 104 தடவை. தடவைக்கு ஒரு வடிகட்டி என்றால் 104 வடிகட்டிகள். ஒன்றை எட்டுத் தடவை பயன்படுத்தினால் 13 போதும். எங்களிடம் அன்று சொன்ன விலை ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். பென்ஷன்காரர் வீட்டில் 104 க்கும் 13 க்கும் உள்ள வித்தியாசம், வைத்தியத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதற்கு இடையே உள்ள வித்தியாசம்.

இது ஏதோ ஏழை நாட்டுப் பழக்கம் என்று எண்ண வேண்டாம். 1990 களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ஐந்து டயாலிசிஸ் நிலையங்களில் நான்கு, வடிகட்டிகளைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தின. அப்போது அதற்கு மருத்துவக் காரணமும் ஒன்று சொல்லப்பட்டது. பழைய வகை இழைகள் புதிதாக இருக்கும்போது சிலருக்கு மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் உண்டாக்கின. இரண்டாம் முறை அந்தத் தொல்லை குறைந்தது. பிறகு உடலுக்கு ஒத்துப்போகும் புதிய இழைகள் வந்தன, விலையும் இறங்கியது, அங்கே புது வடிகட்டிக்கே பெரும்பாலும் மாறிவிட்டார்கள்.

நம் நாட்டில் நிலைமை வேறு. ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகிறார்கள் என்றும், இதனால் ஆண்டுக்கு 3.4 கோடி டயாலிசிஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றும் மத்திய அரசு கணக்கிட்டது. அதற்காகத்தான் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டத்தை 2016 இல் தொடங்கினார்கள். சென்னையில் 1993 இல் தொடங்கப்பட்ட டேங்கர் அறக்கட்டளை போன்ற அமைப்புகள், கட்ட முடியாதவர்களுக்குக் குறைந்த செலவில் டயாலிசிஸ் செய்து வருகின்றன. இத்தனை பேருக்கும் தடவைக்கு ஒரு புது வடிகட்டி என்பது எல்லா இடத்திலும் இயலாத காரியம். எனவே மறுபயன்பாடு நடக்கத்தான் செய்கிறது. அது ஒழுங்காக நடக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தட்டைக் கழுவும் முறை

மாமாவுக்குச் சும்மா படுத்திருக்கப் பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் சிஸ்டரையும் டெக்னீஷியனையும் கேள்வி கேட்டே துளைத்துவிடுவார். அவர் மூலமாக நானும் தெரிந்துகொண்டது இது.

டயாலிசிஸ் முடிந்ததும் வடிகட்டியை உடனே கழுவத் தொடங்க வேண்டும். இரத்தம் உறைந்தால் இழைகள் அடைத்துப்போகும். குழாய் நீர் கூடாது, ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரே வேண்டும். பிறகு மருந்துநீர் செலுத்தி உள்ளே ஒட்டியிருப்பதைக் கரைத்து எடுக்கிறார்கள்.

அதற்குப் பின்தான் முக்கியமான பரீட்சை. வடிகட்டி புதிதாக இருந்தபோது அதன் இழைகளுக்குள் எவ்வளவு நீர் பிடித்தது என்று அளந்து எழுதி வைத்திருப்பார்கள். இப்போது மறுபடி அளக்கிறார்கள். முதலில் 100 மில்லி பிடித்தது இப்போது 80 மில்லிக்குக் கீழே போனால், அத்தனை இழைகள் அடைத்துவிட்டன என்று பொருள். அந்த வடிகட்டி இரத்தத்தைச் சரிவரச் சுத்தம் செய்யாது, கழித்துவிட வேண்டியதுதான். அடுத்து, அழுத்தம் கொடுத்து எங்காவது இழை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கிழிந்திருந்தாலும் கழிவுதான்.

இரண்டிலும் தேறிய வடிகட்டியில் கிருமிநாசினியை நிரப்பி மூடி வைக்கிறார்கள். பெராசிடிக் அமிலம் என்றால் பொதுவாகக் குறைந்தது 11 மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். பழைய முறைப்படி ஃபார்மலின் என்றால் முழுதாக ஒரு நாள். அடுத்த முறை மாட்டும் முன்பு, அந்த மருந்து உள்ளே நிறைந்திருந்ததா என்று முதலில் பார்த்து, பிறகு ஒரு துளிகூட மிச்சமில்லாமல் கழுவி, சோதனைக் காகிதத்தால் உறுதி செய்துகொள்ள வேண்டும். மருந்து இல்லாமல் இருந்திருந்தால் கிருமி பெருகியிருக்கும். கழுவாமல் மாட்டினால் மருந்து இரத்தத்தில் ஏறும்.

ஹெபடைடிஸ் பி உள்ளவர்களின் வடிகட்டியை இந்த வேலையில் சேர்ப்பதே இல்லை; ஒருமுறையோடு சரி. அவர்களுக்கு இயந்திரமும் தனி. அதனால்தான் டயாலிசிஸ் தொடங்கும் முன்பும், பிறகு அவ்வப்போதும், எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் சாதாரண அளவைப்போல் இரு மடங்காகப் போடுகிறார்கள்.

முறையாகச் செய்தால் பழைய வடிகட்டிக்கும் புதியதற்கும் நோயாளியின் ஆயுளில் பெரிய வேறுபாடு இல்லை என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இந்தப் படிகளில் ஒன்று தவறினாலும் ஆபத்துதான். சுத்தம் செய்ய நீரும் இரசாயனமும் செலவாகின்றன, செய்பவரின் கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே புது வடிகட்டி கொடுக்கிறோம் என்று ஆஸ்பத்திரி முன்வந்தால், உங்களுக்கும் கட்டுப்படியானால், மறுக்க வேண்டியதில்லை.

மாமா பிடித்த தப்பு விலாசம்

மாமாவின் பெயர், ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் கோயில் கொண்டிருக்கும் சுவாமியின் பெயர். தில்லித் தமிழர்களில் அந்தப் பெயர் எத்தனை பேருக்கு என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான். அந்த முதலெழுத்தை வடக்கே யாரும் மதிப்பதில்லை. ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் வேறொரு மாதிரி என்று அது முன்னும் பின்னும் அலைந்து, கடைசியில் காணாமலே போய்விடும்.

2018 கோடையில் ஒரு நாள். வழக்கமான டெக்னீஷியன் விடுப்பில் போயிருந்தார். புதியவர் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து வந்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் காட்டுப்பா" என்று வாங்கிப் பார்த்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கீழே எழுதியிருந்த பதிவெண்ணின் கடைசி இரண்டு எண்கள் வேறு.

"இது என் விலாசம் இல்லை" என்றார் மாமா. "பேர் ஒண்ணுதான், கதவிலக்கம் வேற."

முனிர்காவிலிருந்து வரும் இன்னொரு தமிழருக்கும் அதே பெயர். இருவரின் முதலெழுத்தும் சீட்டில் விட்டுப்போயிருந்தது. புதியவர் பதறிப்போய்ச் சரியான டப்பாவைக் கொண்டுவந்தார். அன்று சிஸ்டர் வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் முதல் அந்தப் பிரிவில், ஒரே பெயர் உள்ளவர்களின் டப்பாவில் சிவப்புச் சீட்டு ஒட்டும் வழக்கம் வந்தது.

தப்பு விலாசக் கடிதம் போனால் திரும்பி வரும். தப்பு வடிகட்டி உடம்பில் ஏறினால், அதோடு போன கிருமி திரும்பி வராது. தட்டு என்று ஒத்துக்கொண்ட பிறகு, அது யாருடைய தட்டு என்று ஒவ்வொரு வேளையும் பார்த்தாக வேண்டும். ஆஸ்பத்திரி பார்க்கும் என்று நாம் இருந்துவிடக் கூடாது. இரண்டு பேர் பார்ப்பதைவிட மூன்று பேர் பார்ப்பது மேல். மூன்றாவது ஆள் நோயாளியின் வீட்டுக்காரராக இருக்க வேண்டும்.

இலையைக் கழுவினால்

இனி ஊசிக்கு வருவோம். ஊசியின் துளைக்குள் போன இரத்தத்தை நம் கண் காணாது, கை கழுவ முடியாது, அளந்து பார்க்கும் பரீட்சையும் இல்லை. எனவே அது இலைதான். இலையைக் கழுவி அடுத்த பந்திக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குஜராத்தில் மோடாசா என்ற ஊரில் ஹெபடைடிஸ் பி பரவியது. ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டதே காரணம் என்று விசாரணை காட்டியது. பலர் இறந்தார்கள். பயன்படுத்திய ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் வாங்கி மறுபடி விற்கும் வியாபாரமும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது.

அதற்கு முன்பே, 2002–03 இல் நாடு முழுவதும் நடந்த ஓர் ஆய்வில், ஆண்டுக்கு சுமார் 300 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும், அவற்றில் நூற்றுக்கு 63 ஏதோ ஒரு வகையில் பாதுகாப்பற்றவை என்றும் தெரிந்திருந்தது. குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் 2005 முதல், ஒருமுறை அழுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு வந்தது. மறுபடி இழுக்கவே முடியாது. மனிதர்களின் ஒழுக்கத்தை நம்பாமல், ஒழுக்கத்தைச் சிரிஞ்சுக்குள்ளேயே வைத்துச் செய்துவிட்டார்கள்.

அப்படியானால் இன்னொருவர் உடம்பில் இருந்தது எதுவானாலும் இலைதானா என்றால், அதுவும் இல்லை. இதயத்தின் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். தகனத்தின்போது அதன் பாட்டரி வெடிக்கும் என்பதால் முன்னரே அதை எடுத்துவிடுவார்கள். பாட்டரியில் பல வருட ஆயுள் மிச்சம் இருக்கும். இறந்தவர்களிடமிருந்து எடுத்த பேஸ்மேக்கர்களைச் சுத்தம் செய்து, சோதித்து, வாங்க வசதியில்லாதவர்களுக்குப் பொருத்தும் பணி பல இடங்களில் நடந்திருக்கிறது. கனடாவின் மொன்றியலில் இருந்து அனுப்பிய இத்தகைய கருவிகளைப் பெற்ற 1,051 பேரையும், புதுக் கருவி பெற்ற 3,153 பேரையும் இரண்டு ஆண்டுகள் கவனித்து 2020 இல் முடிவை வெளியிட்டார்கள். கிருமித் தொற்று முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 2, இரண்டாவதில் 1.2. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. பேஸ்மேக்கர் வழவழப்பான, மூடிய உலோகப் பெட்டி. கழுவ முடிகிறது, வேலை செய்கிறதா என்று அளக்கவும் முடிகிறது.

ஆக, தட்டு என்று ஒன்றைச் சொல்ல அதைச் சுத்தம் செய்ய முடிய வேண்டும், சுத்தமானதைச் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும், அது யாருக்கு உரியது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது இலைதான்.

எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டி

இவ்வளவும் தெரிந்துகொண்ட பெருமையில் நாங்கள் இருந்தபோதுதான் எங்கள் வீட்டிலேயே அது நடந்தது.

மாமாவுக்குக் காலையும் மாலையும் இன்சுலின் போடுவது என் பொறுப்பு. போட்டு முடித்து, மூடியைச் செருகி, சிரிஞ்சைச் சமையலறைக் குப்பையோடு போட்டுவிடுவேன். ஒரு நாள் காலை, குப்பை எடுக்க வரும் பெண் வாசலில் நின்று விரலைக் காட்டினாள். பையை அழுத்தி எடுக்கும்போது மூடி கழன்ற ஊசி குத்தியிருக்கிறது. ஒரு பொட்டு இரத்தம். அவளுக்கு அது புதிதல்ல. தண்ணீர் மட்டும் கேட்டாள், கழுவிக்கொள்ள.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். யாருக்குப் போட்ட ஊசி என்று டாக்டர் கேட்டார். நல்ல வேளையாக, டயாலிசிஸுக்காக மாமாவுக்கு அடிக்கடி எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டு என் கைப்பையிலேயே இருந்தது; அதில் எந்தக் கிருமியும் இல்லை. டெட்டனஸ் ஊசி போட்டு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் தொடங்கினார்கள். ஆறு மாதத்தில் மூன்று தவணையும் முடியும் வரை நானே உடன் சென்றேன்.

மாமா அன்று மாலை என்னைக் கோபிக்கவில்லை. "நம்ம உடம்புக்குள்ள போற ஊசியைப் பத்தி இவ்வளவு கேட்டோமேம்மா, வெளியே போற ஊசியைப் பத்தி யாரும் கேட்கலையே" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக் கழிவைப் பற்றி நாடு கேட்கத் தொடங்கியதே தாமதமாகத்தான். தில்லிக் குப்பை பற்றிய வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து உத்தரவிட்டது. மருத்துவக் கழிவுகளுக்கென்று தனி விதிகள் 1998 இல் வந்தன. 2016 இல் புது விதிகள். அவற்றின்படி, எரிக்க வேண்டியதற்கு மஞ்சள் பை, சிரிஞ்சு, குழாய் போன்ற பிளாஸ்டிக்குக்குச் சிவப்பு, ஊசி, கத்தி முதலியவற்றுக்குக் குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டி, கண்ணாடிக்கு நீலம். சிவப்புப் பையில் போவதை நீராவியில் கிருமி நீக்கி, யாரும் மறுபடி எடுத்து விற்க முடியாதபடி துண்டு துண்டாக்கி, பிறகே பிளாஸ்டிக்காக உருக்க அனுப்ப வேண்டும். ஆனால் சர்க்கரை நோய்க்காரர் இருக்கும் ஒவ்வொரு வீடும் இன்று ஒரு சிறிய ஆஸ்பத்திரிதான். அங்கே வெள்ளைப் பெட்டி வைப்பவர் யார்?

அன்று முதல் நாங்கள் வைத்தோம். துணி துவைக்கும் திரவம் வந்த கெட்டியான பிளாஸ்டிக் புட்டி. ஊசியை அப்படியே அதில் போட்டு, முக்கால் பாகம் நிரம்பியதும் மூடியைத் திருகி, ஒட்டுப் பட்டை சுற்றி, "ஊசி" என்று இந்தியில் எழுதி, டயாலிசிஸுக்குப் போகும்போது சிஸ்டரிடம் கொடுத்துவிடுவோம். எழுதுவது மாமாவின் வேலை. அழகான தபால் இலாகாக் கையெழுத்து.

நீங்கள் செய்யக் கூடியவை

வீட்டில் யாருக்கேனும் டயாலிசிஸ் நடந்தால், தயங்காமல் கேளுங்கள். வடிகட்டி புதியதா, எத்தனையாவது தடவை? இழைகளின் கொள்ளளவு இன்று எவ்வளவு, எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதா? மருந்து முழுவதும் கழுவப்பட்டதற்குச் சோதனைக் காகிதம் பார்த்தார்களா? பெயரோடு முதலெழுத்தும் பதிவெண்ணும் எழுதியிருக்கிறதா? நல்ல நிலையத்தில் இந்தக் கேள்விகளுக்குக் கோபம் வராது. பதிவேட்டைத் திறந்து காட்டுவார்கள். கோபம் வந்தால் அதுவே ஒரு பதில்.

கணவன் மனைவி இருவருக்குமே சர்க்கரை இருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். இன்சுலின் பேனா ஒன்றை இருவர் பங்கிட்டுக்கொள்ளவே கூடாது. ஊசியை மாற்றினாலும் போதாது. இரத்தம் பின்னோக்கி மருந்துக் குப்பிக்குள் ஏறக் கூடும். பேனாவில் பெயரை எழுதி ஒட்டுங்கள். டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டால், உறையைக் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். மாத்திரை போதும் என்ற இடத்தில் ஊசிதான் வேண்டும் என்று நாமே கேட்காமலிருப்பதும் நல்லது.

மாமா 2019 புரட்டாசியில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். இரண்டரை வருடத்துக்கு மேல் அந்த வடிகட்டிகள் அவரை எங்களோடு வைத்திருந்தன. பேத்தியின் அரங்கேற்றத்தைப் பார்த்தார். ஒருமுறை ஊருக்கும் போய் வந்தார். காரியங்கள் முடிந்த பிறகு, பாக்கிப் பணம் கட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்குச் சென்றேன். சிஸ்டர் அலமாரியிலிருந்து மாமாவின் டப்பாவை எடுத்தார். ஐந்து தடவைதான் ஆகியிருந்தது. இன்னும் சில தடவை உழைத்திருக்கும்.

"வேற யாருக்காவது..." என்று ஏதோ நினைவில் கேட்டுவிட்டேன்.

"அது ஐயாவோட தட்டும்மா" என்றார் சிஸ்டர். பதிவேட்டில் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு வடிகட்டியைச் சிவப்புப் பையில் இட்டுக் கட்டினார். சீட்டில் மாமாவின் பெயர், முதலெழுத்து, பதிவெண் எல்லாம் சரியாக இருந்தன. நானும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.